கோத்தகிரியில் காலியாகக் கிடக்கும் வீடு: பூட்டி வைப்பதா, காவலுக்கு ஆள் வைப்பதா, வாடகைக்கு விடுவதா?

மார்ச் மாதம் எங்கள் கோத்தகிரி வீட்டில் குடியிருந்த ஆசிரியர் குடும்பம் மாற்றலாகிக் கீழே இறங்கிவிட்டது. சாவி கைக்கு வந்த அன்று மாலையே வீட்டில் பேச்சு தொடங்கியது. அம்மா, "கொஞ்ச நாள் பூட்டியே கிடக்கட்டும்" என்றார். சென்னையில் இருக்கும் தம்பி, "ஹோம்ஸ்டே விடலாம், சீசன் ரெண்டு மாசத்துலயே வருஷ வாடகை வந்துடும்" என்றான். பக்கத்து வீட்டு அக்கா போன் செய்து, "கஷ்டப்படுற குடும்பம் ஒண்ணு இருக்குங்க, சும்மா இருக்க விடுங்க, வீட்டையும் பார்த்துக்குவாங்க" என்றார். மூன்று பேருமே நல்ல மனதோடு சொன்னவர்கள். நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். மேட்டுப்பாளையம் வழியாக ஏறினால் இரண்டரை மணி நேரம்தான். ஆனாலும் வேலை, பிள்ளைகளின் பள்ளி என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய்வருவதே பெரும்பாடு.

எனக்கு இருந்த பயம் ஒன்றுதான்: யாராவது உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால்? பெரியப்பாவின் குன்னூர் வீட்டில் அது நடந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த முறை ஒவ்வொரு வழியையும் உட்கார்ந்து ஒப்பிட்டேன். மலையில் வீடு வைத்துக்கொண்டு கீழே வாழும் பலருக்கும் இதே கவலை இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் பயத்தின் அளவைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். "12 வருஷம் குடியிருந்தால் வீடு அவனுக்கே" என்று எல்லோரும் சொல்கிறோம். அதில் பாதிதான் உண்மை. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், பத்திரத்தைக் காட்டி வீட்டை மீட்க வழக்குப் போட உரிமையாளருக்கு 12 ஆண்டு தருகிறது. உள்ளே இருப்பவரின் அனுபோகம், அதாவது வீட்டைத் தன் கையில் வைத்திருப்பது, நமக்கு எதிரானதாக மாறிய நாளிலிருந்து அந்தக் கணக்கு ஓடும். அதற்குள் வழக்குப் போடாவிட்டால், அதே சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி நம் உரிமையே அற்றுப்போகும். நடுவில் கடிதம் எழுதினோம், வக்கீல் நோட்டீஸ் விட்டோம் என்பதெல்லாம் அந்தக் கணக்கை நிறுத்தாது. ரவீந்தர் கவுர் கிரேவால் வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு, அப்படி எதிரிடை அனுபோகத்தில் உரிமை பெற்றவர் தானே வழக்குப் போட்டும் அதைக் கேட்கலாம்.

இன்னொரு பாதி இது: நம் அனுமதியோடு உள்ளே இருப்பவருக்கு அந்த 12 வருஷக் கணக்கு தானாக ஓடாது. வாடகைக்கு வந்தவர் 30 வருஷம் இருந்தாலும் வாடகைதாரர்தான். சிக்கல் எங்கே வருகிறது என்றால், அனுமதியோடுதான் வந்தார் என்பதைக் காட்ட நம் கையில் ஒரு தாளும் இல்லாதபோது. அப்போது கடைசியில் வீடு நமக்கே என்று தீர்ப்பு வந்தாலும், அதற்குள் பத்து வருஷம் கோர்ட் படி ஏறி முடிந்திருக்கும். ஆக, ஒருவர் எப்படி உள்ளே வந்தார், அதற்கு என்ன சாட்சி இருக்கிறது, இந்த இரண்டையும் வைத்துத்தான் ஒவ்வொரு வழியையும் எடைபோட்டேன்.

பூட்டி வைப்பது பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும். உள்ளே யாரும் இல்லை, அதனால் தகராறும் இல்லை. ஆனால் மலை வீடு பூட்டிக் கிடக்கச் சம்மதிக்காது. ஜூனில் தென்மேற்கு மழை, அது ஓய்ந்ததும் ஐப்பசி மழை, நடுவில் பனிமூட்டம். இரண்டு மாதம் ஜன்னல் திறக்காவிட்டால் சுவரில் ஓதம் ஏறும், துணி அலமாரியில் பூஞ்சை படரும், கூரைத் தகரத்தில் ஒரு ஆணி கழன்றால் சீலிங் மொத்தமும் ஊறிவிடும். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்ததைப் பார்த்தவர்கள், தடுப்புச் சுவரில் விழும் ஒரு விரிசலைக்கூட யாராவது கவனிக்க வேண்டும் என்பதை மறக்கமாட்டார்கள். கோத்தகிரிப் பக்கம் கரடித் தொல்லை வேறு. எண்ணெய் வாசனைக்குக் கதவை உடைத்து உள்ளே போகும். ஆள் நடமாட்டம் இல்லாத வீட்டை அதுவும் கண்டுபிடித்துவிடும்.

பூட்டிய வீட்டுக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் சின்னதாகத்தான் தொடங்கும். முதலில் யாராவது திண்ணையில் விறகு அடுக்குவார்கள். பிறகு பின்பக்கம் மாடு கட்டுவார்கள். வேலி ஒரு முழம் நகரும். கேட்க ஆள் இல்லை என்றால் அடுத்தது பின்கதவுப் பூட்டுதான். இங்கே சட்டம் தரும் ஒரு நல்ல ஆயுதம் பலருக்குத் தெரியாது. 1963-ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டம் 6-ஆவது பிரிவின்படி, நம் சம்மதமில்லாமல், சட்ட வழியும் இல்லாமல் நம்மை வெளியேற்றியிருந்தால், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பக் கேட்கலாம். அந்த வழக்கில் பத்திரம் யார் பெயரில் என்ற பெரிய விசாரணை கிடையாது. யார் கையில் இருந்தது, யார் பறித்தார்கள் என்பதுதான் கேள்வி. ஆறு மாதம் தாண்டிவிட்டால் முழு உரிமை வழக்காகத்தான் போட வேண்டும். ஆகவே பூட்டி வைப்பதென்று முடிவு செய்தால், அந்த ஆறு மாதக் கெடு முடியும் முன்பே தெரியவரும்படி அடிக்கடி போய்த் திறந்து, தேதியோடு போட்டோ எடுத்து வைப்பது கட்டாயம்.

மின்கட்டணக் கணக்கையும் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கிறார்கள், மின்வாரியத்தின் ஆப்பிலேயே யூனிட் தெரியும். பூட்டிய வீட்டில் திடீரென 40 யூனிட் ஓடியிருந்தால் யாரோ விளக்குப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மலை ஏறாமலே கீழே இருந்து கவனிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது காவலுக்குக் குடும்பம் வைப்பது. இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரியப்பா ஓய்வுக்காக ஒரு சின்ன வீட்டைக் குன்னூருக்கு வெளியே வாங்கினார். வருஷத்தில் ஒரு மாதம் தங்குவார். மற்ற நாட்களில் பார்த்துக்கொள்ள, தோட்ட வேலை செய்துவந்த ஒரு குடும்பத்தைப் பின்பக்க அறையில் குடிவைத்தார். சம்பளம் தருவதாகத்தான் பேச்சு. முதல் இரண்டு வருஷம் கொடுத்தார். அப்புறம், "வாடகை இல்லாமத்தானே இருக்காங்க" என்று நின்றுபோனது. அவர்கள் கேட்கவும் இல்லை. பிள்ளைகள் அங்கேயே பிறந்து, அங்கிருந்தே பள்ளிக்குப் போனார்கள். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, கேஸ் இணைப்பு எல்லாம் அந்த முகவரியில். ஒரு மழை இரவில் பெரியப்பாவுக்கு மூச்சுத்திணறல் வந்தபோது அவரைத் தோளில் தாங்கி ரோடு வரை கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் அந்தக் குடும்பத்து அண்ணன்தான்.

14 வருஷம் கழித்துப் பெரியப்பா காலமானார். பெரியப்பாவின் பிள்ளைகள் வீட்டை விற்கப் போனார்கள். "எங்க போவோம்? இத்தனை வருஷச் சம்பளத்துக்கு என்ன கணக்கு?" என்று அந்தக் குடும்பத்தார் கேட்டார்கள். அதற்கு இவர்களிடம் பதில் இல்லை, கோபம்தான் இருந்தது. பிறகு ஒரு வக்கீல் அவர்களுக்கு வேறு பாதை சொல்லிக்கொடுத்தார். வீடே தங்களுடையது என்று மனு வந்தது. ஆறு வருஷம் வழக்கு நடந்து, கடைசியில் சமரச மையத்தில் ஒரு தொகை கொடுத்து முடித்தார்கள். அந்தத் தொகை, 14 வருஷச் சம்பளத்தை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் ஆகியிருக்கும் பணத்தைவிட அதிகம்.

சட்டத்தில் உரிமையாளர் பக்கம் பலம் இருக்கத்தான் செய்கிறது. மரியா மார்கரிடா செக்கேரா பெர்னாண்டஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-ல் தெளிவாகச் சொன்னது: காவலாளியோ, வேலையாளோ, பராமரிப்பாளரோ எத்தனை காலம் குடியிருந்தாலும் அந்தச் சொத்தில் அவருக்கு உரிமை வராது, உரிமையாளர் கேட்டால் திருப்பித் தர வேண்டும். கோவாவில் சகோதரியின் வீட்டில் இருந்த சகோதரர் சம்பந்தப்பட்ட வழக்கு அது. ஆனால் அவர் காவலாளிதான் என்று காட்ட நம் கையில் சாட்சி இருக்க வேண்டும். சம்பளம் கொடுத்த வங்கிக் கணக்கு இருந்தால் அது ஒரு நாளில் முடிகிற வேலை. சம்பளமே கொடுக்காமல் "வீட்டைப் பார்த்துக்கோ" என்று விட்டிருந்தால், அவர் வேலைக்கு இருந்தார் என்று எதைக் காட்டிச் சொல்வது?

இதை ஆக்கிரமிப்பு என்று ஒரே சொல்லில் அடைக்க என் மனம் ஒப்பவில்லை. மலையில் இப்படிச் சிக்கிக்கொண்ட பல குடும்பங்கள் கெட்ட எண்ணத்தோடு வந்தவர்கள் இல்லை. கூலிக்குப் பதில் கூரை என்ற ஏற்பாடு அவர்களையும் சேர்த்துத்தான் ஏமாற்றுகிறது. 15 வருஷம் உழைத்துவிட்டுக் கையில் சேமிப்பு இல்லாமல், போக இடமில்லாமல் நிற்கிறவர் அவர். அதனால் பக்கத்து வீட்டு அக்கா சொன்ன வழியை நான் வேண்டாம் என்றேன். அந்தக் குடும்பத்தின் மேல் சந்தேகப்பட்டு அல்ல. இலவசமாக இருக்கவிடுவது இரண்டு பக்கமும் கணக்கில்லாத கடனாக வளரும் என்பதால்.

ஆள் வைத்தே ஆக வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். வேலைக்கு வருகிறவர் தன் வீட்டிலேயே இருக்கட்டும், நம் வீட்டில் தங்க வேண்டாம். வாரம் இரண்டு நாள் வந்து ஜன்னல் திறந்து, கூட்டிப் பெருக்கி, போட்டோ அனுப்பட்டும். மாதச் சம்பளம் வங்கி வழியாகப் போகட்டும், தீபாவளிக்கு ஒரு மாதம் சேர்த்துக் கொடுங்கள். தங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வேலை நியமனம் என்று தமிழில் எழுதி, அவருக்குப் படித்துக்காட்டி, இருவரும் கையெழுத்திடுங்கள். எந்த அறை, எவ்வளவு சம்பளம், வேலை முடிந்தால் எத்தனை நாளில் காலி செய்வது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

வீட்டோடு சேர்ந்து தேயிலை இருந்தால் இன்னும் ஒரு விஷயம் உண்டு. எங்களுக்கு 40 சென்ட் இருக்கிறது. "பறிச்சு வித்துக்கோங்க, தோட்டம் காடாகாம இருந்தா போதும்" என்று விடுவது இங்கே வழக்கம். பசுந்தேயிலை எந்தப் பெயரில் பேக்டரிக்குப் போகிறதோ, அந்தப் பெயரில்தான் எடைக் கணக்கும் பணமும் எழுதப்படும். பத்து வருஷம் இன்னொருவர் பெயரில் இலை போயிருந்தால், நிலத்தை அனுபவித்தது யார் என்று அந்தக் கணக்கே பேசும். இலை நம் பெயரில் போய், பறிப்புக் கூலி அவருக்குப் போவதுதான் சரி. கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் அடங்கலில், அதாவது நிலக் கணக்குப் பதிவேட்டில், என்ன எழுதியிருக்கிறது என்பதையும் வருஷத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

ஹோம்ஸ்டே பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் தங்கி இறங்கிப் போகிறவர் வீட்டைப் பிடிக்கப் போவதில்லை. அந்த வகையில் இது பாதுகாப்பு. ஆனால் குடியிருப்புக்கு அனுமதி வாங்கிய கட்டடத்தை அனுமதியில்லாமல் வணிகத்துக்கு விட்டால் சீல் வைக்கும் நிலை வரும். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு. ஏப்ரல், மே போனால் ஆடி மழையில் அறைகள் காலி. அதைவிட முக்கியம், கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு நாம் நடத்த முடியாது. யாராவது ஒரு ஏஜெண்டிடம் மொத்தமாகக் கொடுக்க வேண்டும். அப்போது வீடு அவர் கையில், கணக்கும் அவர் கையில். தம்பி அங்கேயே வந்து இருப்பதாக இருந்தால் நானே சரி என்றிருப்பேன்.

லீஸுக்கு, அதாவது ஒத்திக்கு விடச் சொல்லியும் ஒரு தரகர் வந்தார். 5 லட்சம் மொத்தமாக வாங்கிக்கொண்டு மூன்று வருஷம் வாடகையில்லாமல் விடுவது. அவசரத்துக்குப் பணம் தேவைப்படுகிறவர்களுக்கு இது ஆசை காட்டும். மூன்று வருஷம் கழித்து அந்த 5 லட்சம் கையில் இல்லை என்றால் அவரைப் போகச் சொல்ல நமக்கு வாய் வராது, அவர் இருப்பதில் நியாயமும் இருக்கும். மாதாமாதம் வாடகை ரசீது என்ற சாட்சியும் கிடையாது. ஓராண்டுக்கு மேற்பட்ட எந்தக் குத்தகையையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். பலர் 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தப் பணத்தைத் தொடாமல் வங்கியில் போட்டு வைக்க முடிந்தவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

கடைசியாக மாத வாடகை. நான் தேர்ந்தெடுத்தது இதுதான்.

காரணம் சாதாரணம். மாதம் 8,000 ரூபாய் வங்கியில் வந்து விழும்போது, அனுப்புகிறவர் ஒவ்வொரு முறையும் இது உங்கள் வீடு என்று ஒப்புக்கொள்கிறார். குடிவந்த நேரத்தில் யாரை உரிமையாளர் என்று ஏற்று வந்தாரோ அவரின் உரிமையை, குடியிருக்கும் காலத்தில் வாடகைதாரர் மறுக்க முடியாது என்பது சாட்சியச் சட்டத்தின் பழைய விதி. கூடவே வீட்டில் அடுப்பு எரிகிறது, ஜன்னல் திறக்கிறது, கூரை ஒழுகினால் அன்றே போன் வருகிறது. கோத்தகிரியில் வாடகை அதிகம் கிடைக்காது என்பது உண்மைதான். கேட்ட தொகையில் 1,500 குறைத்துத்தான் விட்டேன். வீடு பத்திரமாக இருப்பதற்கான விலையாக அதை எடுத்துக்கொண்டேன்.

ஆனால் வாடகைக்கு விடுவதிலும் தாள் வேலையை அரைகுறையாகச் செய்தால் பலன் இல்லை. "11 மாதத்துக்கு எழுதினால் பதிவு வேண்டாம்" என்பது இன்றும் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அது சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மட்டும் பொருந்தும். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, தமிழ்நாடு அரசு 2017-ல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நகர்ப்பகுதி வாடகை எதுவானாலும், 11 மாதமானாலும், எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அவர். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், பதிவெண் வரும். வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. வீட்டைக் காலி செய்வதில் தகராறு வந்தால் சாதாரண சிவில் கோர்ட்டுக்குப் போகாமல், அந்தச் சட்டத்தின் கீழ் உள்ள வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம்.

கிராம ஊராட்சிக்குள் இருக்கும் வீட்டுக்கு, ஊரைத் தாண்டியுள்ள ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், பலவும் அப்படித்தான், பழைய சொத்துரிமை மாற்றுச் சட்டம்தான். அங்கே மாத வாடகைதாரரை வெளியேற்ற 15 நாள் நோட்டீஸ் கொடுத்து, போகாவிட்டால் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஆகவே அங்கே ஆளைத் தேர்ந்தெடுப்பதில் இன்னும் கவனம் வேண்டும்.

வாடகைக்கு வருகிறவர் முன்பு எங்கே இருந்தார், அந்த வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று நேரில் போய்க் கேட்டேன். ஆதார் நகலும் வேலை பார்க்கும் இடமும் குறித்துக்கொண்டு காவல் நிலையத்திலும் விவரம் கொடுத்தேன். மின் இணைப்பு, வீட்டு வரி, தண்ணீர் வரி மூன்றையும் என் பெயரிலேயே வைத்து நானே கட்டுகிறேன். மின்கட்டணத்தை மட்டும் அவர் எனக்கு அனுப்பிவிடுகிறார். புதுப்பிக்கும் தேதியை மறந்துவிடக் கூடாது என்று காலண்டரில் சிவப்பில் எழுதி வைத்திருக்கிறேன். வீட்டைப் பார்க்கப் போகும்போது ஒரு நாள் முன்பே சொல்லிவிட்டுத்தான் போவேன். அது அவர்களுடைய வீடும்தான்.

ஏற்கெனவே யாராவது உள்ளே உட்கார்ந்திருந்தால் கோபத்தில் செய்யக் கூடாதவை சில உண்டு. பூட்டை உடைப்பது, ஆளைக் கூட்டிப்போய் மிரட்டுவது, தண்ணீரையும் கரண்டையும் நிறுத்துவது. வாடகைதாரருக்கு அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதைப் புதிய சட்டம் தடை செய்கிறது. நிலையாகக் குடியமர்ந்துவிட்டவரை, அவர் அத்துமீறி வந்தவராகவே இருந்தாலும், சட்ட வழியில்தான் வெளியேற்ற வேண்டும் என்று 2003-ல் ராமே கவுடா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அன்றைக்கே புகார் கொடுத்து, பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது, பழைய மின் ரசீதுகளோடு வக்கீலைப் பாருங்கள். அந்த ஆறு மாதக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

எங்கள் வீட்டுக்கு வந்தது, அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் ஒரு தங்கையும் அவர் கணவரும் ஒரு குழந்தையும். ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதி, அம்மாவை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் படித்துப் பார்த்தோம். பக்கத்து வீட்டு அக்கா சொன்ன குடும்பத்து அண்ணன்தான் இப்போது தேயிலையைப் பார்த்துக்கொள்கிறார். பத்து நாளுக்கு ஒரு பறிப்பு, கூலி அன்றைக்கே. இலை அம்மா பெயரில் பேக்டரிக்குப் போகிறது. போன வாரம் தடுப்புச் சுவர் ஓரம் மண் இளகியிருக்கிறது என்று அவரே போட்டோ எடுத்து அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரோடு ஏறிப் போகிறேன்.